சிறு காரும் பெரு விசையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இவ்விழாவில் பேசுமாறு நம்மை அழைத்த செயலாளர் அவர்கள், முதலில் கம்பனைப் பற்றிப் பேசும்படி பணித்தார்கள். கம்பனைப் பற்றிப் பேச நம்மினும் தகுதியுடையோர் இந்த நாகபுரிக் குடியிருப்பிலேயே பலர் உளர் என்று விண்ணப்பித்துக் கொண்டோம். "அப்படியானால் உங்கள் காரைப் பற்றியாவது பேசுங்கள். காலனி முழுவதும் அதைப் பற்றித்தானே பேசுகிறது!" என்று சிரித்தார். அவர் வேடிக்கையாகச் சொன்னதை நாம் மெய்யாகவே பிடித்துக்கொண்டோம். அதற்குக் காரணம் ஒன்று உண்டு. அதனை உரிய இடத்தில் சொல்வோம்.

நம்மிடம் இருப்பது டாட்டா டியாகோ என்னும் சிறு கார். ஆனால் எல்லோரும் வைத்திருக்கும் டியாகோ அன்று, ஜே.டி.பி. என்ற பெயருடன் 2018 அக்டோபரில் வெளிவந்த தனிவகை. சாதாரண டியாகோவின் பெட்ரோல் எஞ்சின் 85 குதிரைத்திறன் தரும். இதில் டர்போ பூட்டிய எஞ்சின், 114 குதிரைத்திறன். வண்டியோ அதே வண்டி. நீளமும் அகலமும் அதேதான். மேலே திறப்பு போன்ற இரு துவாரங்களும், பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடும், சற்றே பருத்த டயர்களும் இல்லாவிட்டால் அடையாளம் தெரியாது. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 10 நொடிக்குள் எட்டும் என்று விற்றவர்கள் அறிவித்தார்கள். அப்போதைய காட்சிக்கூட விலை ரூ. 6.39 லட்சம். நாம் 2022இல் ஒருவர் கைமாறிய வண்டியாக வாங்கினோம். சேமநிதியில் கை வைத்தோம் என்பதையும், அதற்காக நம் வீட்டில் மூன்று நாள் சமையலறையிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

பின்புறம் பெட்டி நீட்டாமல், கதவைத் தூக்கிச் சாமான் வைக்கும் அமைப்புடைய சிறு காரை ஹாட்ச்பேக் என்கிறோம். அத்தகைய காரில் அதன் உருவத்துக்கு மிஞ்சிய எஞ்சினைப் பூட்டினால், அதற்கு 'ஹாட் ஹாட்ச்' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் 1980களில் பெயரிட்டன. இதனை நாம் வீட்டில் விளக்கியபோது, "நாகபுரியில் மே மாதத்தில் எந்தக் கார்தான் சூடாக இல்லை?" என்று நம் இல்லத்தரசியார் கேட்டார். மூன்று நாள் மௌனத்துக்குப்பின் வந்த முதற்சொல் அதுவே.

காலனியில் எழுந்த கேள்விகள் வேறு. "இந்தப் பணத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் உயரமான பெரிய வண்டி கிடைத்திருக்குமே!" என்றார் ஒருவர். "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்றார் மற்றொருவர். "பாஸ் இருக்கும்போது கார் எதற்கு?" என்றார் நம் அலுவலகத்து மேலாளர். மூன்றும் நியாயமான கேள்விகளே. நம்மவர்கள் காரை அதன் அகலத்தாலும் உயரத்தாலும் அளப்பவர்கள். கல்யாண மண்டபத்து வாசலில் வந்து நிற்கும்போது நான்கு பேர் திரும்பிப் பார்க்கவேண்டும் அல்லவா? நமது கார் வந்து நின்றால், "வாடகை வண்டி வந்துவிட்டது" என்று ஒரு பாட்டியார் பையை எடுத்துக்கொண்டு ஏறி அமர்ந்துவிட்டார். அவரை அவர் வீட்டில் இறக்கிவிட்டே வந்தோம்.

பின் ஏன் வாங்கினோம்? நம் தந்தையார் போத்தனூரில் இருப்புப்பாதைப் பணியில் இருந்தவர். நாம் பிறந்து வளர்ந்தது அங்கேதான். கோவை வட்டாரத்துச் சிறுவர்களுக்கு அந்நாளில் இரண்டு பைத்தியங்கள் உண்டு. ஒன்று சினிமா; மற்றொன்று மோட்டார் பந்தயம். கோவையைச் சேர்ந்த கரிவர்தன் என்பவர் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றையாள் பந்தயக் கார்களை உருவாக்கி, எளியவரும் பந்தயத்துக்கு வரலாம் என்று வழிதிறந்தவர். 1995இல் வான விபத்தொன்றில் மறைந்தார். அவர் பெயரால் செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயப் பாதை 2003இல் திறக்கப்பட்டது. உலகப் பந்தயமாகிய பார்முலா ஒன்றில் 2005ஆம் ஆண்டு முதன்முதலாகக் கார் ஓட்டிய இந்தியரும் கோவையின் நரேன் கார்த்திகேயனே. நம் பள்ளிப் பருவத்தில், லாரியின்மீது கயிறு கட்டிக் கொண்டுசெல்லப்பட்ட பந்தயக் கார் ஒன்றைச் சைக்கிளில் இரண்டு மைல் துரத்திச் சென்றோம். வீடு திரும்பியதும் கிடைத்தது வேறு.

அந்தக் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் நிறுவனம் டாட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து சீர்செய்ததுதான் இந்த டியாகோ. ஜே.டி.பி. என்பதில் உள்ள 'ஜே' நம் ஊருக்குரியது. அக்கூட்டு 2020இல் முடிந்தது. புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த அவ்வாண்டிலேயே இவ்வண்டியும் நின்றது. நின்றுபோனதென்று கேட்டபோதுதான் நமக்கு அதன்மீது ஆசை முளைத்தது. மனித மனம் அப்படி.

இவ்வகைக் கார்களின் கதை நெடியதன்று. இங்கிலாந்தில் மினி என்னும் குட்டிக் காரைப் பந்தயக் கார் செய்பவரான ஜான் கூப்பர் சீர்செய்து 1961இல் மினி கூப்பர் வந்தது. அது 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மாண்டி கார்லோ ஓட்டத்தில் தன்னினும் பெரிய வண்டிகளை எல்லாம் வென்றது. ஜெர்மனியில் வோல்க்ஸ்வாகன் கம்பெனியின் பொறியாளர் சிலர், மேலிடத்து உத்தரவு இல்லாமலேயே தம் விருப்பத்தால் தொடங்கிய வேலை, 1976இல் கோல்ப் ஜி.டி.ஐ. என்ற காராக விற்பனைக்கு வந்தது. ஐயாயிரம் விற்றால் போதும் என்று எண்ணினார்கள். முதல் வடிவம் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. அதன் திறன் 110 குதிரைகள். நம் டியாகோ அதனினும் நான்கு குதிரை கூடுதல் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

நம் நாட்டில் இவ்வகை வண்டிகள் வருவதும் போவதுமாகவே இருந்துள்ளன. 2013இல் போலோ ஜி.டி., 2015இல் 145 குதிரைத்திறனுடன் அபார்த் புண்டோ, 2017இல் பலேனோ ஆர்.எஸ். எல்லாம் வந்தன, எல்லாம் நின்றன. 2021இல் திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து ஐ20 என் லைன் வந்தது. 2024இல் டாட்டாவே மீண்டும் ஆல்ட்ரோஸ் ரேசர் என்று ஒன்றை விட்டது. இவற்றில் பலவும் 1200 கன சென்டிமீட்டருக்கு மிகாத எஞ்சின் கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் வரி. 4 மீட்டருக்குட்பட்ட நீளமும் 1200க்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2006ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் வரி குறைந்தது. எஞ்சினைப் பெரிதாக்கினால் வரி ஏறும். ஆகவே எஞ்சினைப் பெரிதாக்காமல் திறனைப் பெருக்க வழி தேடினார்கள். அவ்வழிதான் டர்போ.

டர்போ என்றால் என்ன என்று நம் மகளிர் மன்றத்தில் ஒருவர் கேட்டார். இக்குடியிருப்பில் அதனை விளக்குவது எளிது. பழைய ஆல்கோ டீசல் எஞ்சின்களை நம்மில் வயதானோர் அனைவரும் அறிவர். 1962 முதல் வந்த டபிள்யூ.டி.எம்.2, 2600 குதிரைத்திறன். ஈரோடு ஷெட்டின் ஆல்கோ போத்தனூரில் வண்டியை இழுக்கத் தொடங்கும்போது முதலில் கரும்புகை குபுகுபு என்று எழும், சிறிது நேரத்தில் சீழ்க்கை போன்ற ஓர் ஒலி கிளம்பும், புகை வெளுக்கும், வண்டி வேகம் பிடிக்கும். அந்தச் சீழ்க்கை டர்போவின் ஒலி. எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகைக்காற்று ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரத்தின் தண்டில் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், திறன் கூடும். தொடக்கத்தில் அச்சக்கரம் வேகம் பிடிக்கும்வரை காற்றுப் போதாது, எரிபொருள் முழுதும் எரியாது, அதனால்தான் கரும்புகை. நம் சிறு காரிலும் அதே வேலைதான் நடைபெறுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலவல்ல கையளவுச் சக்கரம் அது.

இதில் அன்றாட வாழ்வுக்குரிய இரண்டு செய்திகள் உண்டு. அச்சக்கரத்தின் தண்டுக்கு எஞ்சின் எண்ணெயே உயிர். ஆகவே எண்ணெயை நாள் தவறாமல் மாற்ற வேண்டும். நெடுந்தூரம் விரைந்து ஓடி வந்தவுடன் எஞ்சினை அணைத்துவிடாமல் ஒரு நிமிடம் மெல்ல ஓடவிட வேண்டும். இல்லையேல் கொதிக்கும் தண்டில் எண்ணெய் தங்கிக் கருகும். நம் வீட்டு வாசலில் கார் நின்றபின்னும் நாம் இறங்காமல் அமர்ந்திருப்பதைக் கண்டு, உள்ளே செல்ல அஞ்சுகிறோம் என்று எதிர்வீட்டார் கருதியது இதனால்தான். இரண்டாவது, வெப்பம். காற்றுச் சூடேறினால் அடர்த்தி குறையும். 45 பாகை வெயிலில் நம் 114 குதிரைகளும் முழுமையாக வருவதில்லை. டிசம்பர் விடியலில் ஓட்டிப்பாருங்கள். அது வேறு வண்டி.

அன்றாடம் இக்காரால் பயன் என்ன? உண்மையைச் சொல்லவேண்டும். காய்கறிச் சந்தைக்கும், மகளின் பள்ளிக்கும், அஜ்னிப் பக்கத்து நெரிசலுக்கும் இத்தனை திறன் வேண்டுவதில்லை. இரண்டாம் கியரைத் தாண்டுவதே அரிது. ஊருக்குள் லிட்டருக்குப் பதினொன்று பன்னிரண்டு, நெடுஞ்சாலையில் பதினாறு. குமாஸ்தாவின் பழக்கத்தால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் நோட்டில் எழுதி வைக்கிறோம். அந்நோட்டை இல்லத்தரசியார் படிப்பதில்லை என்பது நம் நல்வினை. சாதாரண டியாகோவைவிட வண்டி சற்றுத் தாழ்வு. காலனியின் வேகத்தடைகளில் ஐவர் அமர்ந்து ஏறினால் அடிவயிறு உரசும். அவ்வொலியைக் கேட்கும்போது நமது அடிவயிறே உரசியது போலிருக்கும்.

பழுது பார்க்கும் இடத்திலும் தொல்லை உண்டு. ஒருமுறை ஆட்டோ ஒன்று பின்னே வந்து மோதி முன் பம்பர் உடைந்தது. திகைக்காதீர்கள். நாம் பின்னோக்கி வந்து சுவரில் இடிக்காமலிருக்க முன்னே நகர்ந்தபோது அது பின்னிருந்து தள்ள, முன்னே நின்ற தூணில் இடித்தோம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பணிமனையில், அவர்களுடைய கணிப்பொறியில் இது சாதாரண டியாகோ என்றே பதிவாகியிருந்தது. சாதாரண டியாகோவின் பம்பரை வரவழைத்தார்கள்; பொருந்தவில்லை. மீண்டும் வரவழைத்தார்கள், அதுவும் அதே. ஏழு வாரங்கள் கழித்தே உரிய பம்பர் கிடைத்தது. நின்றுபோன வகை வண்டியை வாங்குவோர் இதனை முன்னரே கணக்கில் கொள்ளவேண்டும். எஞ்சினின் பெரும்பகுதிக்கும் உட்புறத்துக்கும் உதிரிப்பாகம் கிடைக்கும். தனிவகைக்கு மட்டும் உரிய வெளிப்பாகங்களுக்குத்தான் தவம் கிடக்கவேண்டும்.

ஆயினும் ஊருக்குச் சென்றபோது இதன் அருமையை உணர்ந்தோம். கேரளா எக்ஸ்பிரசில் பாஸ் எடுத்துக்கொண்டு கோவை செல்வதே வழக்கம். 2022 டிசம்பரில், ஒருமுறை காரில் சென்றுதான் பார்ப்போமே என்று புறப்பட்டோம். அதிலாபாத், நிர்மல், ஐதராபாத் வழியாகக் கர்நூலில் இரவு தங்கி, மறுநாள் அனந்தப்பூர், பெங்களூர், ஓசூர், சேலம் கடந்து போத்தனூர். ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். நால்வரும் நம் தாயாரும், ஓர் ஆரஞ்சுக் கூடையும். ஒரு லாரியைக் கடக்கவேண்டுமானால் சாதாரணச் சிறு காரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கியரைக் குறைத்து, எதிரே பார்த்து, மீண்டும் பார்த்துக் கடக்கவேண்டும். இதிலோ காலை மெல்ல அழுத்தினால் போதும். எதிர்த்திசை வண்டி ஒரு புள்ளியாகத் தெரியும்போதே நாம் நம் வரிசைக்குத் திரும்பிவிடுகிறோம். தொப்பூர்க் கணவாயில் மட்டும் நம் தாயார், "தம்பி, மெல்ல" என்றார். அங்கே இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் நேர்ந்த விபத்துகளை அவர் செய்தித்தாளில் படித்தவர். மூன்றாம் கியரில் எஞ்சின் பிடியிலேயே இறங்கினோம்.

செயலாளர் அழைத்ததும் ஒப்புக்கொண்டதற்கான காரணத்தை இனிச் சொல்கிறோம்.

2022 டிசம்பர் 11 அன்று நம் நகரிலிருந்து சீரடி வரை சம்ருத்தி விரைவுச்சாலை திறக்கப்பட்டது. 520 கிலோமீட்டர். பின்னர் 2025 ஜூனில் மும்பை வரை 701 கிலோமீட்டரும் நிறைவுற்றது. நேரான கான்கிரீட்டுச் சாலை. மாடில்லை, சைக்கிளில்லை, இருசக்கர வண்டியில்லை. கார்களுக்கு 120 கிலோமீட்டர் வேகம் வரை அனுமதி. அதன் தொடக்கம் நம் காலனியிலிருந்து சிறு தொலைவே. விசை மிகுந்த காரும், வெறிச்சோடிய சாலையும், பத்தொன்பது வயது மகனும் ஓரிடத்தில் சேர்ந்தால் என்னவாகும் என்று நாம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணவில்லை.

2023 ஜூலை முதல் நாள் பின்னிரவில், இங்கிருந்து புனே நோக்கிச் சென்ற பேருந்து அச்சாலையில் புல்டாணா மாவட்டத்தில் கவிழ்ந்து தீப்பற்றி 25 பேர் மாண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அன்று இந்நகரமே துயரத்தில் மூழ்கியது. அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிறு மாலை, நம் கைபேசியில் வங்கியின் செய்தி வந்தது. சம்ருத்திச் சாலையில் வர்தா சுங்கச் சாவடியில் நம் காரின் பாஸ்டேக்கிலிருந்து கட்டணம் பிடிக்கப்பட்டது என்று. மகனோ நண்பன் வீட்டுக்குப் புத்தகம் வாங்கச் செல்வதாகத் தாயிடம் சொல்லிச் சென்றவன். அரைமணி கழித்து மற்றொரு செய்தி. திரும்பி வருகிறான் என்று பொருள். நடுவிலிருந்த அந்த அரைமணியில் நாமும் இல்லத்தரசியாரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. தொலைபேசியில் அழைக்கவும் அஞ்சினோம், ஓட்டும்போது எடுத்துவிடுவானே!

வந்தான். நாம் அன்றிரவு ஒன்றும் கேட்கவில்லை. கோபத்தால் அன்று, சொல் எழவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லி, "வா, டயருக்குக் காற்றுப் பார்த்துவரலாம்" என்று அழைத்துச் சென்றோம். டயர்க் கடைக்காரர் வயது முதிர்ந்த மராட்டியர். நான்கு சக்கரங்களையும் பார்த்துவிட்டு, பின்புறத்து இடச்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றி உருட்டி, அதன் உட்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். பின்னர் நம் மகனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம். மழையில் நிறைந்திருந்த ஏதோ ஒரு குழியில் விழுந்து, டயரின் உள்நூல்கள் அறுபட்டு, வெளி ரப்பர் மட்டுமே காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கமிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இது நெடுஞ்சாலையில் வெடித்திருந்தால் வண்டி நேரே நிற்காது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் வேறு டயர் எடுக்க உள்ளே சென்றார்.

"எவ்வளவில் போனாய்?" என்று கேட்டோம்.

"நூற்றைம்பது. கொஞ்ச நேரந்தான், அப்பா."

120க்கும் 150க்கும் நான்கில் ஒரு பங்குதான் வேறுபாடு. ஆனால் நிறுத்தும் தொலைவு வேகத்தின் வர்க்கத்தைப் போல் பெருகுவது. பிரேக் பிடிக்கும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேலாகிவிடும். எஞ்சினின் திறனை மூன்றில் ஒரு பங்கு கூட்டினார்கள்; ஆனால் பின்சக்கரங்களுக்கு அதே டிரம் பிரேக்தான். காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது வளைந்து நெளிந்து சூடேறும். சூடேறினால் மேலும் தளரும். இவற்றையெல்லாம் அவனுக்குச் சொல்லலாம் என்று வாய் திறந்தோம். அவன் வீக்கத்தின் மேலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டான்:

"அன்றைக்கு வர்தா ரோட்டில் நீங்கள் போனபோது டயரைப் பார்த்தீர்களா, அப்பா?"

இதனை இம்மேடையில் சொல்லவேண்டுமா என்று பல நாள் தயங்கினோம். சொல்லத்தான் வேண்டும். கார் வாங்கிய புதிதில் ஓரிரவு, வர்தா சாலைச் சிக்னலில் நிற்கையில், பெரிய கறுப்பு வண்டியொன்றில் ஓர் இளைஞர் நமக்கருகே வந்து நின்றார். நம் சிறு காரைப் பார்த்துச் சிரித்து எஞ்சினை உறுமவிட்டார். பச்சை விழுந்தது. நாற்பதைக் கடந்த ஓர் அரசாங்க ஊழியர் செய்யத்தகாததை நாம் செய்தோம். அடுத்த சிக்னலில் அவர் நமக்குப் பின்னால் நின்றார். பக்கத்து இருக்கையில் இருந்த மகன் கைதட்டினான். நாமும் மகிழ்ந்தோம். அன்று அவனுக்கு ஓட்டுநர் உரிமம்கூட இல்லை. அவன் இச்சாலையில் செய்தது நம்மிடம் படித்த பாடத்தையே. டயரைப் பார்த்தோமா? இல்லை.

கடைக்காரருக்குப் பணம் கொடுத்து இரண்டு டயர் மாற்றி வந்தோம். காரை விற்றுவிடுங்கள் என்றார் இல்லத்தரசியார். அன்றிருந்த மனநிலையில் நாமும் இசைந்தோம். வாங்க வந்த முதல் ஆளே இருபத்திரண்டு வயதுப் பையன். சாலையில் எத்தனை போகும் என்பதே அவன் கேட்ட முதற்கேள்வி. அவன் சென்றபின் இல்லத்தரசியாரே, "நம் பிள்ளைக்கு ஆகாதது இன்னொருத்தி பிள்ளைக்கு மட்டும் ஆகுமா?" என்றார். விற்பனை அத்துடன் நின்றது.

அடுத்த யோசனையும் அவருடையதே. இருப்புப்பாதைக் குடும்பத்தில் பிறந்து இருப்புப்பாதைக் குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். "ரயில் டிரைவருக்குக் காஷன் ஆர்டர் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறீர்களே, இந்த வீட்டு டிரைவர்களுக்கு ஏன் கொடுப்பதில்லை?" என்று கேட்டார். எந்த மைலிலிருந்து எந்த மைல்வரை எவ்வளவு வேகத்துக்கு மேல் போகலாகாது என்று எழுதிய தாளைப் பெற்றுக் கையொப்பமிட்ட பிறகே ஓட்டுநர் வண்டியை எடுப்பார் என்பதை இங்குள்ள குழந்தைகளும் அறிவர். பல்லாயிரம் டன் இரும்பை இழுப்பவரானாலும், எழுபது பேர் அமர்ந்த ஒற்றைப் பெட்டியை இழுப்பவரானாலும் அவருக்கு அதில் வெட்கமில்லை.

அன்று மாலையே எழுதினோம். அலுவலகப் பாணியிலேயே எழுதினோம். நமக்குத் தெரிந்த நடை அதுதானே. காலனிக்குள் 20. பள்ளி விடும் நேரத்தில் அதனினும் குறைவு. சம்ருத்திச் சாலையில் 100, மழையில் 80. நெடுஞ்சாலைக்குப் புறப்படுமுன் ஓட்டுபவரே குனிந்து, உட்பக்கமும் கைவைத்து, டயர்களைப் பார்க்கவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று முகம் கழுவவேண்டும். அந்நேர்ச் சாலையில் கண்திறந்தபடியே மயக்கம் வருவதை நாமே உணர்ந்திருக்கிறோம். சிக்னலில் பக்கத்து வண்டியைப் பார்க்கலாகாது என்பதை மகன் சேர்க்கச் சொன்னான், சேர்த்தோம். சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே அத்தாள் தொங்குகிறது. எடுப்பவர் நாளும் நேரமும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். முதற்கையொப்பம் நம்முடையது.

நண்பர் ஒருவர் கேட்டார்: "நூற்றுப் பதினான்கு குதிரைகளை வாங்கி இலாயத்தில் கட்டிப்போடவா பணம் கொடுத்தீர்கள்?" நியாயமான கேள்வி. ஆனால் கட்டிப்போடவில்லை. சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்ததும் சிக்கல்தரா மலைக்குச் சென்றோம். பரத்வாடாவைக் கடந்து மலையேறும் குறுகலான பாதை. ஒருபுறம் காடு, மறுபுறம் பள்ளம். மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று முன்னே முக்கிக்கொண்டிருந்தது. மகன்தான் ஓட்டினான். மூன்று வளைவு வரை பொறுமையாகப் பின்னே சென்றான். நேரான சிறு துண்டுப் பாதை தென்பட்டதும் இருமுறை பார்த்தான்; ஒலியெழுப்பினான்; இரண்டாம் கியருக்கு மாற்றினான். டர்போவின் அந்த மெல்லிய சீழ்க்கை கேட்டது. போத்தனூர்ப் பிளாட்பாரத்தில் தந்தையாரின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்ட அதே ஒலி, மிகச் சிறிதாக. நான்கு நொடியில் லாரி பின்னே போயிற்று. உடனே அவன் காலை எடுத்து மீண்டும் நாற்பதுக்கு இறக்கிக்கொண்டான். பின்னிருக்கையில் நம் தாயார் விழிக்கவேயில்லை. அந்த நான்கு நொடிக்குத்தான் நாம் பணம் கொடுத்திருக்கிறோம் என்று நண்பரிடம் சொன்னோம். அவர் ஒப்பவில்லை, மைலேஜைப் பற்றி மீண்டும் கேட்டார்.

இப்போது மகளுக்கும் வயது பதினேழு நடக்கிறது. அத்தாளில் தனக்கும் ஒரு பத்தி போடச் சொல்லிவிட்டாள்.

இன்னொன்று. சென்ற திங்கள் ஒரு நாள் காலை அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாகக் கிளம்பினோம். மாலையில் வந்து பார்த்தால், தாளில் நம் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு வட்டம். காலனிப் பள்ளி வாசலில் நாம் 20ஐக் கடந்ததை மாடியிலிருந்து மகள் பார்த்திருக்கிறாள். விளக்கம் கோரி எழுத்து மூலமான குறிப்பாணையும் கீழே குத்தப்பட்டிருந்தது. ஏழு நாளுக்குள் பதிலளிக்க வேண்டுமாம். பதிலை இன்னும் எழுதவில்லை. நாளையோடு தவணை முடிகிறது. ஆகவே நாடகம் தொடங்குமுன் விடைபெற்றுக்கொள்கிறோம்.